ஓடாத மீட்டர்

நுரையக்காவுக்கு உலகத்தில் ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால் அது மீட்டர்தான். தெருநாயைக் கண்டால் ஒதுங்கிப் போவாள். மீட்டரைக் கண்டால் நின்று முறைப்பாள். அவள் குடியிருந்த பழைய அடுக்குமாடியில் எல்லா வீட்டுத் தண்ணீர் மீட்டர்களும் மாடிப்படித் திருப்பத்தில் ஒரே சுவரில் வரிசையாக இருந்தன. கண்ணாடிக்குள் சிவப்பாக ஒரு குட்டிச் சக்கரம். வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால் அது சுற்றும். கடைக்குப் போய்விட்டுப் படியேறி வரும்போது நுரையக்கா தன் வீட்டு மீட்டருக்கு எதிரே மூச்சு வாங்க நிற்பாள். மூச்சு வாங்குவது ஒரு சாக்கு. உள்ளே கணவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை அந்தச் சக்கரம் அவளிடம் கோள் சொல்லிவிடும்.

“யாரு குழாயைத் தெறந்து வச்சது?” என்று கதவு திறக்கும் முன்பே கேட்பாள்.

“இங்க வேற யாரு இருக்கா, நான்தான். சவரம் பண்ணிட்டிருக்கேன்.”

“இருக்கற நாலு முடிக்கு இவ்வளவு தண்ணியா? அங்க மீட்டர் பறக்குது.”

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஊரிலிருந்த உயரமான கட்டடங்களில் எல்லாம் மனிதர்களை ஏற்றி இறக்கிக் காப்பாற்றியவர், சொந்த வீட்டுக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார். அந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றுபோய் நெடுங்காலம் ஆகியிருந்தது. அதைச் சரிசெய்ய அவருக்குத் தெரியும். உதிரிபாகம் வாங்கப் பங்கு போட யாரிடமும் எதுவும் இல்லை. வேலையும் குறைந்துபோய்விட்டது. பெரிய கம்பெனிகள் சொந்த ஆட்களை வைத்துக்கொண்டன. அவர் வீட்டில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவர்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிவைப்பார்.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பெரிய தங்கும் விடுதி ஒன்றின் சலவை அறையில் இளம்வயதிலிருந்து வேலை செய்தவள். மாலையில் வீடு திரும்பும்போது முழங்கையில் எங்காவது கொஞ்சம் நுரை காய்ந்து ஒட்டியிருக்கும். கட்டடத்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நுரையக்கா. விடுதியில் அவள் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனவன் கடன் கேட்கப் போனாலும் கொடுக்க வந்தவன்போல இருப்பான் என்று மேற்பார்வையாளர் சொல்வாராம். இதை அவள் சொல்லி நாம் பலமுறை கேட்டாயிற்று. ஒருநாள் விடுதியை மூடினார்கள். விலைவாசி ஏறியதில் ஊர் சுற்ற யாரும் வரவில்லை. ஏறிய விலைக்கு இறங்குகிற பழக்கம் எப்போதும் இருந்ததில்லை; அந்த முறையும் அது தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

மின்சாரம் ஏறியது. தண்ணீர் ஏறியது. வாடகையைப் பற்றிப் பேசவே வேண்டாம். மூன்றையும் கட்டிவிட்டு மிச்சத்தில் சாப்பிடுவது என்று ஆனபிறகு, மனிதர்கள் முதலில் கைவைத்தது துணியில். இரண்டு நாள் போட்டதை மூன்றாவது நாளும் போட்டார்கள். சலவை இயந்திரத்துக்கு மேலே துணி போட்டு மூடி, அதன்மேல் பூச்சாடி வைத்தார்கள். சிலர் இயந்திரத்தையே விற்றார்கள். பேருந்தில் ஏறினால் யாருக்கும் யாரையும் உரசி நிற்கப் பிடிக்கவில்லை. வேலை கேட்டுப் போகிறவன் கழுத்துப்பட்டையைத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொண்டு போனான்.

கூடிக் கலைவதற்கென்றே ஏற்பட்டது நகர்மன்றம் என்று எல்லாரையும்போல நுரையக்காவும் நினைத்திருந்தாள். அந்த ஒருமுறை அது உருப்படியாக ஒரு காரியம் செய்தது. தீயணைப்பு வண்டி நிறுத்திய பழைய கொட்டகையைக் கழுவி வெள்ளையடித்து, பெரிய சலவை இயந்திரங்களும் உலர்த்திகளும் தேய்ப்பு மேசைகளும் போட்டு, பொதுச் சலவைக்கூடம் என்று பலகை மாட்டியது. வெந்நீர், சோப்பு, மின்சாரம் எதற்கும் காசு இல்லை. செருப்புக்கடை வைத்திருந்த வார்டு உறுப்பினர் மற்றவர்கள் காலில் விழாத குறையாகப் பேசி வாங்கியது அது. கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றபோது நுரையக்கா போய் நின்றாள். தேய்ப்பு மேசையைக் கையால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். அவளையே எடுத்துக்கொண்டார்கள்.

வாசலில் ஒரு சுழல்கம்பி இருந்தது. உள்ளே வருகிறவர் வயிற்றால் தள்ளிக்கொண்டு வரவேண்டும். தள்ளினால் டக்கென்று ஒரு சத்தம். கம்பிக்கு மேலே சின்னக் கண்ணாடிக்குள் எண் ஒன்று கூடும்.

“இதை மட்டும் விளையாட்டுக்குத் தொடக் கூடாதும்மா” என்று அதை மாட்டிய பொறியாளர் சொன்னார். “ஆள் வந்தா சுத்தும், நம்பர் ஏறும். மாசக் கடைசியில ஒருத்தர் வந்து பார்த்து எழுதிட்டுப் போவாரு.”

அவருக்கு அவசரம். கிளம்பிவிட்டார். மாதக் கடைசியில் எழுத வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? நுரையக்காவின் மாடிப்படித் திருப்பத்தில் டார்ச் அடித்துத் தண்ணீர் மீட்டர் எழுதுகிற அதே மனிதர். அதே தோள்பை, அதே டார்ச். அவரைப் பார்த்ததும் நுரையக்காவுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. இலவசம் என்று பலகையில் எழுதுவார்கள், மூலையில் ஒரு மீட்டரையும் மாட்டிவைப்பார்கள். எண் ஏறினால் யாரோ எங்கோ காசு கட்டவேண்டும். நிறைய ஏறினால், இது கட்டுப்படியாகாது என்று மூடிவிடுவார்கள். வாழ்நாள் முழுக்க அவளுக்கு மீட்டர் கற்றுக்கொடுத்தது இதுதான். வேறு எதை நினைப்பாள்?

அன்றிலிருந்து அவள் அந்தக் கம்பியைத் தள்ளவில்லை. காலையில் வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதன் அடியில் நுழைந்து போனாள். போகும்போதும் அப்படியே. தன்னால் ஒரு எண்கூட வீணாக ஏறக்கூடாது என்பதில் அவள் அவ்வளவு கறாராக இருந்தாள்.

கூடம் திறந்த புதிதில் கூட்டம் வரவில்லை. துணி இல்லாமல் இல்லை. எதிரே முடிதிருத்தும் கடை. கடைக்கு வெளியே நீள பெஞ்சு. அந்த பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குக் கூடத்து வாசலைப் பார்ப்பதைத் தவிர வேறு பொழுதுபோக்கு கிடையாது. இலவசம் என்ற பலகைக்குக் கீழே அழுக்குத் துணியோடு நுழைகிறவர் முகம் பொழுது சாய்வதற்குள் வட்டாரம் முழுக்கப் போய்விடும். தவறாமல் வந்தவர் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற பேருந்து கண்டக்டர். ஒற்றைச் சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வருவார். கம்பியைத் தள்ளும்போது, “ஒரு டிக்கெட்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சட்டை இயந்திரத்தில் சுற்றும்வரை, தான் ஓட்டுநரோடு சண்டை போட்ட கதைகளைச் சொல்வார்.

பிறகு ஒரு சாயங்காலம் நாத்தனார் வந்தாள்.

நாத்தனார் என்றால் கணவரின் தங்கை. நுரையக்காவைப் பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போதே வாசலில் நின்று, “ஊரான் படுத்த பெட்ஷீட்டைத் துவைக்கிறவதான் கிடைச்சாளா?” என்று அண்ணனிடம் கேட்டவள். சொன்னது காதில் விழட்டும் என்றே சொன்னாள், விழுந்தது. பிற்பாடு மரச்சாமான் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு, லிஃப்ட் ஓடுகிற கட்டடத்துக்குக் குடிபோனாள். அண்ணன் வீட்டுக்கு வந்தால் நாற்காலி நுனியில் உட்காருவாள். அவள் இன்று சலவைக்கூடத்தின் பக்கச் சந்தில், சக்கரம் வைத்த பயணப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன, ஊருக்கா?” என்றாள் நுரையக்கா, பக்கக் கதவைத் திறந்து குப்பைத்தொட்டியை வெளியே வைத்தபடி.

“இல்ல அண்ணி. மெஷின் ரிப்பேரு. ஆள் வரேன்னு சொல்லியிருக்கான். இன்னைக்கு ஒருநாள் மட்டும்.”

“அதுக்கென்ன. முன்பக்கமா வா.”

நாத்தனார் நகரவில்லை. “முன்னால அந்தக் கம்பியைத் தள்ளணுமாமே. எதிர்க்கடையில எங்க கட்டடத்து ஆளு முடி வெட்டிக்கிட்டிருக்காரு.”

நுரையக்கா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக மனதுக்குள் எழுதி வைத்திருந்த பதில் ஒன்று வாய்வரை வந்தது. நாத்தனாரின் கை பெட்டியின் பிடியைப் பிடித்திருந்த பிடியில் அது திரும்பிப் போய்விட்டது.

“அப்ப இப்படியே வா” என்று பக்கக் கதவை அகலத் திறந்தாள். எண்ணும் ஏறாது என்று நினைத்துக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்தபோது மூன்று வாரத் துணி இருந்தது. போர்வை ஓரங்கள் மக்கிப்போயிருந்தன. ரிப்பேரான இயந்திரத்துக்கு இவ்வளவு துணி சேராது என்று தெரியாதவளா நுரையக்கா? கண்டும் காணாமல் சோப்பு எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வாரமும் பெட்டி வந்தது. அதற்கும் அடுத்த வாரம் நாத்தனார் உலர்த்தியின் முன்னால் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

“மெஷினை வித்தாச்சு அண்ணி. கடையில பாதிச் சாமான் போயிடுச்சு. அடுத்து வீடுதான். அண்ணனுக்குத் தெரியவேண்டாம்.”

“நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.”

“நெஜமா?”

“உன் துணியை நான் மடிக்கிறேன், நீ போய் அந்த ஓரமா உட்காரு.”

பக்கக் கதவின் கதை காதும் காதும் வைத்தாற்போலப் பரவியது. பொழுது சாயத் தொடங்கியதும் சந்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அந்த வட்டாரத்தில் அந்த வருஷம் ஊருக்குப் போனவர்கள் அதிகம். யார் கையைப் பார்த்தாலும் பயணப்பெட்டி. கணக்காளர் ஒருவர் மடிக்கணினிப் பையில் இரண்டு சட்டை கொண்டுவருவார். பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி விடைத்தாள் கட்டுக்கு அடியில் குழந்தையின் சீருடையை வைத்துக் கொண்டுவருவாள். உள்ளே எல்லா இயந்திரமும் ஓடும். யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஒரே கட்டடத்துக்காரர்கள் அடுத்தடுத்து உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்கள்போல ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுவும் ஒரு மரியாதைதான்.

நுரையக்கா பம்பரமாகச் சுற்றினாள். துவைத்துக் கொண்டுபோனால் போதும் என்றுதான் வருவார்கள், இவள் விடமாட்டாள். விடுதியில் பழகிய கை. கழுத்துப்பட்டை, கைமடிப்பு, கால்சட்டையின் நடுக்கோடு எல்லாம் தேய்த்து, மூலைக்கு மூலை மடித்துக் கொடுப்பாள். நைந்த இடத்தை உள்ளே மடக்கி வெளியே தெரியாமல் செய்வாள். அழுக்குப் பெட்டியோடு வந்தவர்கள் சந்திலிருந்து வெளியேறும்போது உத்தியோகத்துக்குப் போகிறவர்கள்போல இருந்தார்கள். அவளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. விடுதி மூடியபிறகு அவள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது அந்தக் கொஞ்சக் காலம்தான்.

மாதக் கடைசியில் மீட்டர்க்காரர் வந்து கண்ணாடியில் டார்ச் அடிப்பார். அவர் காலையில் வருகிறவர். கூடம் அப்போது வெறிச்சோடியிருக்கும்.

“இவ்வளவுதானாம்மா?”

“இவ்வளவுதான் சார். பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டறேன்.”

“சரிங்கம்மா” என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். எழுதுவது அவர் வேலை. ஏன் என்று கேட்பது இன்னொருவர் வேலை. நுரையக்கா வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்வாள்.

“போன மாசத்தைவிட இந்த மாசம் இன்னும் கம்மி.”

“ஒனக்கு ஒரு மெடல் குத்தணும்” என்பார் அவர். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வாள்.

ஒரு காலையில் வார்டு உறுப்பினர் வந்தார். கண்டக்டர் மட்டும் மூலையில் உட்கார்ந்திருந்தார். வார்டு உறுப்பினர் ஓடாத இயந்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“யாருமே வர்றதில்லையாக்கா?”

“ஏன் சார், வர்றாங்களே.”

“எங்க வர்றாங்க? வருஷக் கணக்கைப் பார்த்தேன். இந்த நம்பரை வச்சுக்கிட்டு நான் எப்படிப் பேசுவேன்? நகர்மன்றத்துல காசு இல்ல. எதை வைக்கிறது, எதை எடுக்கிறதுன்னு கூட்டம் போடறாங்க. சனங்களுக்கு எது ஒதவுதோ அதுக்குத்தான் இனிமே காசுன்னு சொல்லிட்டாங்க. நம்ம கூடத்துலதான் நம்பரே ஏறலயே.”

நுரையக்கா தேய்ப்புப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

“நம்பர் ஏறினா நல்லதா சார்?”

“என்னக்கா இப்படிக் கேக்கறீங்க? ஏறினாத்தானே ஆள் வர்றாங்கன்னு தெரியும்? அதுக்குத்தானே கம்பியே வச்சிருக்கு.”

நுரையக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசலைப் பார்த்தாள். வெயில் பட்டுக் கம்பி பளபளவென்று இருந்தது. தள்ளித் தேயாத கம்பி, பளபளக்காமல் என்ன செய்யும்? நாத்தனாருக்குக் கதவைத் திறந்த முதல் நாளிலிருந்து, உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் தான் போய் அதை ஒரு தள்ளு தள்ளியிருந்தால் போதும். அந்த எளிய காரியம். அதற்குப் பதிலாக இடுப்பு வலிக்க வலிக்கக் குனிந்து போயிருக்கிறாள். தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“இப்ப சுத்திவிட்டா ஆகாதா சார்?”

“கணக்கு மேல போயாச்சுக்கா.” அவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். “ஒண்ணு பண்ணுங்க. கூட்டத்துக்கு வர்றவங்களை வரச் சொல்லுங்க. பார்வையாளர் வரிசையில உட்கார்ந்து, நாங்க வர்றோம்னு ஒரு கை தூக்கினாப் போதும். மீதியை நான் பார்த்துக்கறேன்.”

அன்று சாயங்காலம் நுரையக்கா இயந்திரம் இயந்திரமாகப் போய்ச் சொன்னாள். அவள் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை. ஆனால் ஒருவரும் தட்டிக்கழிக்கவில்லை.

“உங்களுக்காக வராம இருப்போமா?” என்றார் கணக்காளர்.

“கை தூக்கறது ஒரு பெரிய காரியமா அக்கா?” என்றாள் ஆசிரியை.

நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் முதல் ஆளா வர்றேன் அண்ணி” என்றாள். அண்ணன் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அண்ணியைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நுரையக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட்டத்துக்கு முந்திய நாள் கூடம் நிரம்பி வழிந்தது. நகர்மன்றத்துக்கு முன்னால் போய் உட்காரவேண்டாமா? பெட்டி அடியில் கிடந்த நல்ல உடுப்பையெல்லாம் எடுத்துவந்திருந்தார்கள். நுரையக்கா ஒவ்வொன்றையும் வாங்கித் தேய்த்தாள். நாத்தனாரின் நீல உடையைக் கடைசியாக எடுத்து, கைமடிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் நீவினாள். விடுதியில் அமைச்சர்கள் வந்து தங்கியபோதுகூட அவள் அப்படித் தேய்த்ததில்லை.

எல்லாரும் வந்தார்கள். ஒருவர்கூடத் தப்பவில்லை. பார்வையாளர் வரிசைகளில் வெள்ளைவெளேரென்ற சட்டைகளும் மடிப்புக் கலையாத உடைகளுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுநடுவே அவர்கள் குடியிருந்த கட்டடங்களின் உரிமையாளர்களும், முடிதிருத்தும் கடைக்காரரும், நாத்தனார் கணவருக்குக் கடன் கொடுத்த மரக்கிடங்கு முதலாளியும் இருந்தார்கள். கூட்டம் எல்லாருக்கும் பொது. வரக்கூடாது என்று சொல்ல முடியாது. நுரையக்கா கடைசி வரிசையில் கணவரோடு உட்கார்ந்து, தான் தேய்த்த கழுத்துப்பட்டைகளைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

நகர்மன்றத் தலைவி களைத்துப்போன பெண். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டே பேசினார். நூலகத்தை மாலையிலும் திறந்துவைப்பது, முதியவர்களுக்குத் தண்ணீர்க் கட்டணத்தில் தள்ளுபடி, மாணவர்களுக்குப் பேருந்து, சலவைக்கூடம். நான்கும் நல்லவைதான். மூன்றுக்குத்தான் வழி இருக்கிறது என்றார். வார்டு உறுப்பினர் எழுந்து தொண்டை கட்டும்வரை பேசினார்.

“சரி” என்றார் தலைவி. “நம்பரை விட்டுடுவோம். இங்க வந்திருக்கவங்கள்ல யாரு யாரு சலவைக்கூடத்துக்குப் போறீங்க? கை தூக்குங்க.”

யாரும் அசையவில்லை.

நுரையக்கா முன்னால் இருந்த தோள்களைப் பார்த்தாள். கணக்காளரின் தோள் லேசாக உயர்ந்தது. அவருக்கு இரண்டு இருக்கை தள்ளி அவருடைய வீட்டு உரிமையாளர் திரும்பிப் பார்த்தார். கணக்காளர் தூக்கப்போன கையால் மூக்கைச் சொறிந்துகொண்டார். ஆசிரியை தரையைப் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் நீல உடை விறைத்து உட்கார்ந்திருந்தது. அதற்கு நேர் முன்னால் மரக்கிடங்கு முதலாளியின் வழுக்கைத் தலை.

ஒரே ஒரு கை உயர்ந்தது. கண்டக்டர்.

“நான் போறேங்க. ஒருநாள் விடாம போறேன்.”

வார்டு உறுப்பினருக்கு உயிர் வந்தது. “சொல்லுங்க ஐயா. அந்தக் கூடம் இல்லைன்னா ஒங்களுக்கு என்ன கஷ்டம்?”

கண்டக்டர் பொய் சொல்லிப் பழகாதவர். “கஷ்டம்னு ஒண்ணும் இல்லீங்க. வீட்டுல நல்ல மெஷின் இருக்கு, மகன் வாங்கிக் குடுத்தது. இங்க போனா ஒரு பேச்சுத்துணை.”

மன்றம் சிரித்தது. தலைவியும் கொஞ்சம் சிரித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்வையாளர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

“ஒண்ணு சொல்றேன். ஒங்களையெல்லாம் இப்படிப் பார்க்கறப்ப எனக்கு மனசுக்கு நிம்மதியா இருக்கு. ஒங்க வார்டு நெலைமை நாம பயந்த அளவுக்கு இல்ல.”

நுரையக்கா எழுந்துவிட்டாள். கணவர் கையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை.

“வர்றாங்கம்மா. நெறையப் பேர் வர்றாங்க. பக்கக் கதவு வழியா வர்றாங்க.”

“நீங்க?”

“கூடத்தைப் பார்த்துக்கறவங்க” என்றார் வார்டு உறுப்பினர்.

“யாரு வர்றாங்கம்மா? இங்க இருக்காங்களா?”

நீல உடை திரும்பவில்லை. கையை மட்டும் மடியில் வைத்து, நுரையக்கா நீவிய மடிப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெயர் சொன்னால் போதும். தன் கணவர் பக்கத்தில் இருக்கிறார், மரக்கிடங்குக்காரர் நாத்தனாருக்கு முன்னால் இருக்கிறார். சொன்னால் கூடம் பிழைக்கும். தன் சம்பளம் பிழைக்கும். இந்தத் தோள்களுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் நாளைக்கும் துவைத்த சட்டை போடுவார்கள்.

“அதைச் சொல்றதுக்கில்லம்மா.”

“எத்தனை பேர்னாவது?”

“எண்ணலம்மா.”

“எண்ணத்தானேம்மா வாசல்ல கம்பி வச்சிருக்கு?”

“அது ஓடக் கூடாதுன்னு நெனச்சுட்டேம்மா.”

இந்த முறை சிரிப்பு பெரிதாக எழுந்தது. வெள்ளைச் சட்டைகளிலும் சில குலுங்கின. சிரிக்காவிட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும். தலைவி மட்டும் இப்போது சிரிக்கவில்லை. அவளை உட்காரச் சொன்னார். மாணவர் பேருந்துக்குக் காசு ஒதுக்கி, சலவைக்கூடத்தை மூடுவதென்று முடிவாயிற்று. பேருந்தும் வேண்டியதுதானே, அதைக் குற்றம் சொல்ல நுரையக்காவுக்கு வாய் வரவில்லை.

வெளியே படியில் நாத்தனார் அவளைக் கடந்து போனாள். அண்ணனிடம் நலம் விசாரித்தாள். அண்ணியிடம், “தூக்கலாம்னுதான் இருந்தேன்” என்று வாய்க்குள் சொன்னாள்.

“தெரியும், போ” என்றாள் நுரையக்கா. கோபம் இருந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்கத்தான் முடியவில்லை. எப்படிப் பிரித்தாலும் பெரும்பங்கு தன் பக்கமே வந்து விழுந்தது.

கூடத்தை ஒப்படைத்த அன்று இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சுழல்கம்பியைக் கழற்ற வந்தவனுக்கு அது புதிதுபோல இருந்ததில் ஆச்சரியம். வேறு இடத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லித் துடைத்து எடுத்துப்போனான். நுரையக்கா சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இனி அந்த வீட்டில் மாதம் பிறந்தால் வரும் சம்பளம் என்று எதுவும் இல்லை. கணவர் ஸ்க்ரூ டிரைவர்களை எடுத்துத் துடைத்தார்.

இரண்டு வாரம் கழித்துக் கதவு தட்டும் சத்தம். நாத்தனார் பயணப்பெட்டியோடு, படியேறிய மூச்சோடு நின்றுகொண்டிருந்தாள்.

“ஊருக்குப் போற வழியில சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் அண்ணா.”

அவருக்குத் தலைகால் புரியவில்லை. “பார்த்தியா, கஷ்டம் வந்தப்புறம்தான் என் தங்கச்சிக்கு அண்ணன் ஞாபகம் வந்திருக்கு” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நாத்தனார் இந்த முறை நுனியில் உட்காரவில்லை. கால் ஓய்ந்துபோய் நன்றாகவே உட்கார்ந்தாள். அவள் பார்வை நுரையக்காவின் மேல் இருந்தது.

நுரையக்கா பெட்டியை இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பெட்டியைத் திறந்தாள். மூன்று வாரத் துணி. மேலாக அந்த நீல உடை இருந்தது. குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, முழங்காலிட்டு உட்கார்ந்து சோப்பைத் தேய்க்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரத்தில் கணவர் கதவைத் தட்டினார். “என்ன பண்றே உள்ள? எவ்வளவு நேரமாத் தண்ணி ஓடுது? நீதானே மீட்டர் மீட்டர்னு உயிரை வாங்குவே?”

“ஓடட்டும் விடுங்க.”

ஒவ்வொரு வாரமும் நாத்தனார் ஊருக்குப் போனாள். பிறகு ஆசிரியை, ஏதோ விலாசம் விசாரிக்க வந்தவள்போல வந்தாள். கணக்காளர் மடிக்கணினிப் பையோடு வந்தார். நுரையக்கா யாரையும் திருப்பி அனுப்பவில்லை, சிரித்துப் பேசவும் இல்லை. வாங்கி வைத்துக்கொள்வாள். வெயில் காயும் பால்கனியில் அவள் அவற்றைப் போடவில்லை. பார்க்கிறவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும். உள்ளறையில் கயிறு கட்டிப் போட்டாள். அறை எப்போதும் ஈரமாக இருந்தது. அவள் கைகளில் வெடிப்பு விழுந்து சோப்பு பட்டால் எரிந்தது.

மாதக் கடைசியில் மாடிப்படித் திருப்பத்தில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. நுரையக்கா வாசலுக்கு வந்தாள். மீட்டர்க்காரர் ஒருமுறைக்கு இருமுறை கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

“என்னம்மா, இந்த மாசம் இப்படி ஏறியிருக்கு? நீங்க பார்த்துப் பார்த்து ஓட்டற ஆளாச்சே. வீட்டுல ஆள் அதிகமா?”

“ஆமா சார்” என்றாள் நுரையக்கா. “நெறையப் பேரு. எழுதிக்கோங்க.”

அவர் எழுதிக்கொண்டு கீழ்வீட்டுக்கு இறங்கினார்.